பன்னிரண்டு தந்தி கிட்டார், மலிவு விலையில்: எல்லாம் சரி, அந்த மூன்றாவது ஜோடியைத் தவிர

என் பன்னிரண்டு தந்தி கிட்டாரின் நட் (கழுத்தின் தலைப் பக்கத்தில் தந்திகள் பள்ளங்களில் உட்காரும் சிறு பட்டை) மாற்றியாகிவிட்டது. இப்போதுதான் இதை வாசிக்கிறேன் என்று சொல்ல முடிகிறது. இதுவரை நடந்தது விறகு வெட்டும் வேலை. "மலிவா, ஆனா வாசிக்க நல்லா இருக்கிற பன்னிரண்டு தந்தி எது?" என்று கேட்ட நண்பருக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்த விலையில் முகப்பலகை சாலிட் (ஒட்டுப்பலகை அல்லாத) ஸ்ப்ரூஸாக இருந்தால் போதும், முதுகும் பக்கமும் லேமினேட்டாகத்தான் (ஒட்டுப்பலகை) இருக்கும். யமஹா எஃப்ஜி820-12, ஃபெண்டர் சிடி-60எஸ்சிஇ-12 இரண்டுமே சாலிட் ஸ்ப்ரூஸ் முகப்புதான். இன்னும் கொஞ்சம் ஏறினால் கில்ட் எஃப்-2512இ: ஜம்போ உடல், வளைத்து அழுத்திய மேப்பிள் முதுகு. மூன்றும் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கைக்கு எப்படி இருக்கும் என்பதை மாடல் பெயர் சொல்லாது. கையில் எடுக்கும் அந்த ஒரு கிட்டாரின் நட்டை எப்படி அறுத்திருக்கிறார்கள் என்பதுதான் சொல்லும். மலிவு கிட்டாரில் மிச்சம் பிடிப்பது அந்த அரை மணி நேர வேலையில்தான்.

இனி தொல்லைக்கு வருகிறேன். இதில் தந்திகள் ஆறு ஜோடிகளாக இருக்கும். மூன்றாவது ஜோடி, அதாவது தடித்த ஜியும் அதன் மேல் ஸ்தாயி ஜியும். லைட் செட்டில் (மெல்லிய தந்திகளின் தொகுப்பு) தடித்தது 0.023 அங்குலம், மெல்லியது 0.008. இந்த மெல்லியதுதான் கிட்டாரிலேயே மிக உயர்ந்த சுரம்: 392 ஹெர்ட்ஸ். முதல் தந்தி ஈ கூட 330தான். அதனால் ட்யூன் பண்ணும்போது அறுவது எப்போதும் இதுவாகவே இருக்கும். 0.009 போட்டால் நிற்கும் என்று பலர் சொல்வார்கள். நிற்காது. ஒரே நீளம், ஒரே சுரம் என்றால் தந்தியின் குறுக்குவெட்டுப் பரப்பு கூடும் அதே விகிதத்தில் இழுவிசையும் ஏறும். எஃகின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்க வேண்டிய சுமை மாறாது. ஸ்டாண்டர்டு ட்யூனிங்கில் அந்தச் சுமை எஃகு தாங்கும் எல்லைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. சின்னக் கீறல் ஒன்று போதும்.

எங்கே அறுந்தது என்று பாருங்கள், காரணம் அங்கேயே இருக்கும். ட்யூனர் (தந்தியை இறுக்கும் திருகாணி) தண்டில் அறுந்தால் துளையின் விளிம்பு கூர். நட்டில் அறுந்தால் பள்ளம் இறுக்கம். திருகும்போது "டிங்" என்று ஒரு சத்தம் வந்து சுருதி தாவியிருக்கும், அதுதான் அடையாளம். சேடில் (உடல் பக்கத்தில் தந்திகள் தாங்கி நிற்கும் மெல்லிய பட்டை) மேல் என்றால் அங்கே தந்தி பதிந்து பதிந்து ஒரு பள்ளம் விழுந்திருக்கும். தந்தியின் குண்டு முனைக்கு அருகே முறுக்கிய பகுதி சேடில் வரை ஏறி உட்கார்ந்திருந்தால், தந்தியைப் பிடித்திருக்கும் பின்னை எடுத்துக் குண்டை உள்ளே சரியாக அமர்த்துங்கள். விளிம்புகளுக்கு 1200 நம்பர் உப்புத்தாளும் நட் பள்ளத்துக்குப் பென்சில் கரியும் போதும்.

அறுவதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அறுந்துபோகாமல் நிற்கும்போது அது சுருதி சேராமல் ஒலிப்பதுதான் எரிச்சல். ஈ மேஜர் பிடித்துப் பாருங்கள்: மூன்றாவது ஜோடியை முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் முதலாவது) அழுத்த வேண்டும். நட் பள்ளம் உயரமாக இருந்தால் அதன் தண்டனை முழுவதும் முதல் ஃப்ரெட்டில்தான் விழும். தந்தி அதிகம் வளைந்து சுரம் சற்று உயர்ந்துவிடும். அந்தச் சுரமோ கார்டின் மூன்றாம் சுரம், காது முதலில் பிடிப்பதே அதைத்தான். திறந்த ஜி ஜோடியைத் துல்லியமாகச் சேர்த்துவிட்டு ஈ மேஜர் அடித்ததும் புளித்தால், ட்யூனரைத் திட்டிப் பயனில்லை.

கடையில் செய்ய வேண்டிய சோதனை இரண்டே. முதல் ஃப்ரெட்டில் கேபோ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) போட்டு வாசியுங்கள். திடீரென்று கைக்கு இலகுவாகிச் சுருதியும் சேர்ந்தால் குற்றவாளி நட். அடுத்தது, ஒவ்வொரு ஜோடியையும் இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சாதாரணத் தாள் ஒன்று நுழையும் அளவு போதும். விசிட்டிங் கார்டே நுழைகிறது என்றால் அந்தப் பள்ளத்தை இறக்கியாக வேண்டும். இறக்கும்போது அடிப்பகுதி ட்யூனர் பக்கம் சரிய வேண்டும். ஆழம் அதிகமாகிவிட்டால் தந்தி முதல் ஃப்ரெட்டில் உரசும், பிறகு புது நட்தான் வழி. எலும்பு நட் நல்லது, மெல்லிய தந்தி பிளாஸ்டிக்கை அரிப்பதை விட அதை மெதுவாகத்தான் அரிக்கும்.

ஜோடிக்குள் இருக்கும் இடைவெளியும் நட்டில்தான் முடிவாகிறது. 2 மி.மீ. அளவில் இருந்தால் விரல் நுனி இரண்டையும் சேர்த்து அழுத்தும். அதற்கு மேல் அகன்றால் ஒன்று நழுவும், மிக நெருங்கினால் ஓங்கி அடிக்கும்போது ஒன்றோடொன்று இடிக்கும். நட்டின் மொத்த அகலம் 48 மி.மீ. என்றால் விரலுக்கு இடம் இருக்கும். 44 மி.மீ.க்குள் பன்னிரண்டையும் அடைத்ததை நான் வாங்க மாட்டேன்.

நட் சரியான பிறகே சேடில். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த ஈக்கு 2.4 மி.மீ., மெல்லிய ஈக்கு 1.8 மி.மீ. உயரம் வசதியானது. அங்கே அரை மில்லிமீட்டர் குறைய வேண்டுமானால் சேடில் அடியில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். நேரான சேடிலாக இருந்தால் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேலே தடித்த ஈயும் அதன் மேல் ஸ்தாயித் தந்தியும் கொஞ்சம் பிரிந்துதான் ஒலிக்கும், ஏனென்றால் சுருதி சேர இரண்டுக்கும் வேண்டிய நீளத் திருத்தம் வேறு வேறு. படி வெட்டிய சேடில் அதைக் குறைக்கும். இந்த விலையில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

பழையது வாங்குவதாக இருந்தால் பிரிட்ஜை (முகப்பில் ஒட்டிய, சேடில் உட்காரும் கட்டை) பாருங்கள். லைட் செட்டுக்கே மொத்த இழுவிசை சுமார் 110 கிலோ. ஆறு தந்தியில் அது 75க்குள் நிற்கும். பிரிட்ஜின் பின் விளிம்பில் தாள் நுழைந்தால் பசை விட்டுக்கொண்டிருக்கிறது. ஃப்ரெட்டுகளின் மேல் நேர்க்கோல் வைத்தால் அதன் முனை பிரிட்ஜின் மேல் விளிம்பைத் தொட வேண்டும். கீழே இடித்தால் நெக் சாய்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்யும் கூலி கிட்டார் விலையை விழுங்கும். சேடில் ஏற்கெனவே மொட்டையாகத் தேய்ந்திருந்தால் பேரம்கூடப் பேசாதீர்கள்.

எல்லாத் தொல்லைக்கும் ஒரே மருந்து, முழுவதையும் ஒரு முழு சுரம் இறக்கி, டியிலிருந்து டி வரை ட்யூன் பண்ணுவது. பாடகருக்கு ஸ்டாண்டர்டு வேண்டுமென்றால் இரண்டாம் ஃப்ரெட்டில் கேபோ. இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு இறங்கும், மேல் ஸ்தாயி ஜி 349 ஹெர்ட்ஸுக்கு வந்து மூச்சு விடும், பிரிட்ஜும் பிழைக்கும். ட்யூன் பண்ணும்போது ஜோடியில் ஒன்றை விரலால் அடக்கி மற்றதைச் சேருங்கள். கிளிப் ட்யூனருக்கு இரண்டும் சேர்ந்து ஒலித்தால் தலை சுற்றும்.

இத்தனைக்கும் நடுவில் எதிர்பாராத சுகம் ஒன்று உண்டு. மேல் ஸ்தாயித் தந்திகள் ஜோடியில் மேல்புறம் இருப்பதால் கை கீழே இறங்கும்போது மெல்லியது முந்திக்கொள்கிறது, மேலே ஏறும்போது தடித்தது முந்துகிறது. ஒரே கார்ட் இறங்குகையில் ஒரு முகம், ஏறுகையில் வேறு முகம். ஆறு தந்தியில் இது கிடைக்கவே கிடைக்காது. அந்த மினுமினுப்பில் பாதிக்கு மேல் தருவது நான் இவ்வளவு நேரம் திட்டிய அதே மெல்லிய ஜி. பேர்ட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் ரோஜர் மெக்குவினுக்காக மார்ட்டின் செய்த ஏழு தந்தி கிட்டாரில் இரட்டித்த ஒரே ஜோடி அதுதான். அதைக் கழற்றிவிட்டுப் பதினொன்றோடு வாசித்தால் கிட்டார் மந்தமாகிவிடுகிறது, நிம்மதியும் வருகிறது.

வாங்கலாமா? ஒலிக்கு ஐந்தில் நாலரை தாராளமாகத் தருவேன். இருந்தும் இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்பேன். நட், சேடில் வேலைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க முடியாதவர் நல்ல ஆறு தந்தி ஒன்றை வாங்கட்டும். மீறி வாங்குகிறவர்கள் 0.008 பிளெயின் (மேலே கம்பி சுற்றாத) தந்தியைத் தனித் தந்தியாகக் கேட்டு நாலைந்து வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள், அது ஒன்றுக்காக முழு செட்டைப் பிரிக்க வேண்டாம்.