லீவுல ஊருக்கு போனப்ப மாமாவோட ஏர் சஸ்பென்ஷன் காருக்கு பாத்த வேலை

ஊருக்கு போய் இறங்குன மறுநாள் தூக்கம் வராம விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு வெளிய வந்தேன், பாத்தா மாமாவோட கார் முன்பக்கம் இடது மூலைல அப்படியே தரையோட உக்காந்திருக்கு, டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல ஒரு விரல் கூட நுழையல. மாமாகிட்ட கேட்டா "அது அப்படித்தான் மாப்ள, ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டா தானா எந்திரிச்சுக்கும்"னு சாதாரணமா சொன்னாரு. எத்தனை நாளா இப்படினு கேட்டா நாலஞ்சு மாசமாம். நடுவுல ஒரு தடவை கம்ப்ரஸர், அதாவது சஸ்பென்ஷனுக்கு காத்து அடிக்கற மோட்டார், வேற மாத்திருக்காங்க, மாத்தி ரெண்டு மாசம் கூட ஆகல, இப்ப திரும்பவும் டாஷ்போர்டுல சஸ்பென்ஷன் லைட் வந்து வந்து போகுது.

எனக்கு இருந்தது மூணு வாரம் லீவு. அதுல பாதி இந்த காருக்கே போச்சு, ஆனா வருத்தம் இல்ல, ஏன்னா இதுல நான் கத்துக்கிட்டது ஏர் சஸ்பென்ஷன் (சுருள் ஸ்பிரிங்குக்கு பதிலா காத்து நிரப்பின ரப்பர் மேல கார் நிக்கற அமைப்பு) உள்ள செடான் வச்சிருக்கற, இல்ல பழசு வாங்கலாம்னு நினைக்கற யாருக்கும் உதவும். அதான் கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல உங்க காருல ஏர் சஸ்பென்ஷன் இருக்கா இல்லையானே நிறைய பேருக்கு தெரியறதில்ல. காரை உசத்தற பட்டன் டாஷ்போர்டுல இருந்தா அநேகமா இருக்கும், ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. மெர்சிடிஸ் எஸ் கிளாஸ்ல ஏர்மேட்டிக்னு ஒண்ணு, ஏபிசினு ஒண்ணு, ரெண்டுக்குமே உசரம் மாத்தற வசதி இருக்கு, ஆனா ஏர்மேட்டிக் காத்து, ஏபிசி ஹைட்ராலிக் ஆயில், ரெண்டுக்கும் வைத்தியமே வேற. அதே மாதிரி 2015ல வந்த பிஎம்டபிள்யூ 7 சீரிஸ்ல நாலு வீலுக்கும் காத்து, அதுக்கு முந்தின தலைமுறைல காத்து பின்னாடி மட்டும்தான், முன்னாடி காயில் ஸ்பிரிங். ஜாகுவார் எக்ஸ்ஜேல 2003ல வந்த மாடல் நாலு பக்கமும் காத்து, அதுக்கு அடுத்த மாடல் பின்னாடி மட்டும். அதனால ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சு வச்சுட்டு வீல் ஆர்ச்சுக்குள்ள டார்ச் அடிச்சு பாருங்க. சுருள் கம்பி தெரிஞ்சா காயில், கருப்பு ரப்பர் குழாய் மாதிரி ஒண்ணு ஷாக் அப்சார்பர சுத்தி மடிஞ்சு உக்காந்திருந்து, மேல ஒரு மெல்லிசான பைப் போனா அது ஏர். பின்னாடியும் தனியா பாக்கணும். பழசு வாங்கறப்ப முன்னாடி ஓனர் காசை மிச்சம் பண்ண காயிலுக்கு மாத்தி வச்சிருக்கலாம், அதையும் இப்படி பாத்தாதான் கண்டுபிடிக்க முடியும்.

சரி மாமா காருக்கு வரேன். முன்னாடி கம்ப்ரஸர் மாத்துன அதே ஒர்க்‌ஷாப்புக்குத்தான் முதல்ல கொண்டு போனோம், பேரு வேண்டாம். ஏசி வச்ச வெயிட்டிங் ரூம், யூனிஃபார்ம், எல்லாம் பளபளனு இருந்துச்சு. ஸ்கேனர மாட்டி பத்து நிமிஷத்துல "சார், கம்ப்ரஸர் வீக், ஓவர்ஹீட் ஆகுது, மாத்திடணும்"னாங்க. ரெண்டு மாசம் முன்னாடி நீங்கதானே மாத்துனீங்கனு கேட்டா பார்ட் அப்படி வந்திருக்கும்னாங்க. லீக் எங்க இருக்குனு பாத்தீங்களானு கேட்டேன். ஸ்கேனர்ல லீக் கோட் எதுவும் வரலனு பதில். எனக்கு அங்கதான் கோவம் வந்துச்சு. ஸ்கேனருக்கு ரப்பர்ல இருக்கற ஓட்டை எப்படி தெரியும், அதுக்கு தெரியறது கம்ப்ரஸர் ரொம்ப நேரம் ஓடுதுங்கறது, உசரம் சொன்ன நேரத்துக்குள்ள வரலங்கறது, அவ்வளவுதான். ஏன் ஓடுதுனு மனுஷன்தான் குனிஞ்சு பாக்கணும்.

இந்த சிஸ்டம் எப்படி சாகுதுனு புரிஞ்சா இது தெளிவாயிடும். கம்ப்ரஸர் காத்தை அழுத்தி, சில கார்ல ஒரு டேங்க்ல 16 பார் அழுத்தம் வரைக்கும் சேத்து வச்சுக்கும், வால்வ் பிளாக் அந்த காத்தை எந்த மூலைக்கு எவ்வளவு வேணுமோ பிரிச்சு அனுப்பும், வீல் பக்கத்துல இருக்கற லெவல் சென்சார் உசரம் சரியா இருக்கானு சொல்லிட்டே இருக்கும். ஒரு பெல்லோல, அதாவது ஏர் பலூன்னு மெக்கானிக்குங்க சொல்ற அந்த ரப்பர்ல, சின்ன விரிசல் விழுந்தா ராத்திரி காத்து இறங்கிரும், காலைல கம்ப்ரஸர் திரும்ப நிரப்பும். அது கொஞ்ச நேரம் மட்டும் ஓடறதுக்காக செஞ்ச மோட்டார், தினமும் நீளமா ஓடுனா சூடாகும், உள்ள பிஸ்டன் ரிங் தேயும். கம்ப்ரஸரோட ஒட்டி ஒரு டிரையர் இருக்கு, உள்ள சிலிக்கா ஜெல் மாதிரி ஈரம் உறிஞ்சற குருணை. கார் இறங்கறப்ப வெளிய போற காஞ்ச காத்து அந்த டிரையர் வழியாத்தான் போகும், போறப்ப அதுல இருக்கற ஈரத்தையும் எடுத்துட்டு போகும். லீக் இருக்கற காருல காத்து ஓட்டை வழியா போயிடுது, டிரையர் காயவே காயாது, ஈரம் வால்வ் பிளாக்குக்குள்ள போய் அரிக்க ஆரம்பிக்கும். ஆக ஒரு விரிசல் மூணு பார்ட்டை கொல்லுது, மாமா அலட்சியமா விட்ட நாலஞ்சு மாசத்துல நடந்தது அதுதான். லீக்க விட்டுட்டு புது கம்ப்ரஸர் போட்டா அதுவும் சாகும், அதான் ரெண்டே மாசத்துல திரும்ப வந்து நிக்கறோம்.

காரை திருப்பி கொண்டு வந்துட்டேன். அன்னிக்கு ராத்திரி சமதளமான இடத்துல நிறுத்தி, வீல் நடு மையத்துல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் நாலு மூலையும் டேப் வச்சு அளந்து எழுதி வச்சேன், காலைல கதவை கூட திறக்காம திரும்ப அளந்தேன். முன் இடது மட்டும் 7 சென்டிமீட்டர் இறங்கிருந்துச்சு, மத்த மூணும் அசையல. இது பத்து பைசா செலவில்லாத சோதனை, இதுலயே பாதி விஷயம் தெரிஞ்சிரும். ஒரு மூலை மட்டும் இறங்குனா பெரும்பாலும் அந்த பெல்லோ இல்ல அதுக்கு போற பைப் ஃபிட்டிங், முன்பக்கம் ரெண்டும் சேந்தோ, இல்லனா நாலும் மொத்தமாவோ இறங்குனா வால்வ் பிளாக்க சந்தேகப்படணும். இறங்கவே இல்ல ஆனா உசத்த முடியலனா அப்பதான் கம்ப்ரஸர், ரிலே (கம்ப்ரஸருக்கு கரண்ட் குடுக்கற சுவிட்ச்), ஃபியூஸ்.

ரெண்டாவதா போனது ஒரு பெரியவர்கிட்ட, தகர ஷெட், ரெண்டு பசங்க. என் பேப்பர வாங்கி பாத்துட்டு "யாரு தம்பி அளந்தது"னு கேட்டாரு, நான்னு சொன்னதும் ஸ்டூல இழுத்து போட்டு உக்காந்துட்டாரு. காரை மேல் லெவலுக்கு ஏத்த சொன்னாரு, ஏன்னா பெல்லோ விரிசல் பெரும்பாலும் அந்த மடிப்புலதான் விழும், கார் சாதாரண உசரத்துல இருந்தா அது உள்ள மறைஞ்சிருக்கும். சோப்பு தண்ணிய ஸ்பிரே பாட்டில்ல ஊத்தி மடிப்பு பூரா அடிச்சாரு, ரெண்டு நிமிஷம் ஒண்ணும் இல்ல, அப்புறம் உள்பக்கமா குட்டி குட்டியா நுரை வர ஆரம்பிச்சுச்சு. "இந்தா பாரு"னு என் கையால தொட்டு பாக்க வச்சாரு. அதோட நிறுத்தல, மத்த மூணு பெல்லோ, வால்வ் பிளாக்ல ஒவ்வொரு ஃபிட்டிங், எல்லாத்துக்கும் அடிச்சு பாத்தாரு. அப்புறம் ரிலேய கழட்டி திறந்தாரு, உள்ள பாயிண்ட் கருகி கிடக்கு. புது கம்ப்ரஸர் போட்டவங்க பழைய ரிலேய அப்படியே விட்டிருக்காங்க, அது ஒட்டிக்கிச்சுனா கம்ப்ரஸர் நிக்காம ஓடி எரிஞ்சே போயிரும். கம்ப்ரஸர் மாத்துனா ரிலேயும் மாத்தணும், இதை எங்க போனாலும் கேட்டு வாங்குங்க.

பார்ட் வர அஞ்சு நாள் ஆச்சு. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி சேஸிஸ் நம்பர வச்சு பார்ட் நம்பர் சரிபாத்தாரு, முன்பக்கம் இடது வலது வேற வேற, டூ வீல் டிரைவ் காருக்கும் ஃபோர் வீல் டிரைவ் காருக்கும் வேற. வலது பக்கமும் அதே வயசு ரப்பர்தான், அதையும் சேத்து மாத்திடலாமானு நான் கேட்டேன், அதுல விரிசல் எதுவும் தெரியல, வேணும்னா மாத்தறேன், அவசரம் இல்லனு நேர்மையா சொன்னாரு. மாமா ரெண்டையும் மாத்த சொல்லிட்டாரு, எனக்கும் அது சரினுதான் பட்டுச்சு. கம்ப்ரஸர தூக்கி போடாம ரிங்கும் டிரையர் குருணையும் மட்டும் மாத்துனாரு.

மாட்டறப்ப ஒண்ணு கவனிச்சேன், புது பெல்லோவ மாட்டிட்டு காரை உடனே கீழ இறக்கல. வெயிட் விழறதுக்கு முன்னாடி ஸ்கேனர் வழியா கொஞ்சம் காத்து ஏத்துனாரு. காத்து இல்லாத ரப்பர் மேல காரோட வெயிட் விழுந்தா மடிப்பு தப்பா மடிஞ்சு புதுசே கிழிஞ்சிரும். அப்புறம் நாலு மூலை உசரத்தையும் கேலிப்ரேட் பண்ணி, அதாவது சரியான அளவுக்கு செட் பண்ணி, அதுக்கப்புறம்தான் வீல் அலைன்மென்ட். இந்த வரிசை மாறக்கூடாது, உசரம் தப்பா இருந்தா அலைன்மென்ட்டும் தப்புதான். பழைய பெல்லோ, ரிலே எல்லாத்தையும் கவர்ல போட்டு கைல குடுத்தாரு.

கிளம்பறதுக்கு முன்னாடி மாமாகிட்ட சில விஷயம் திரும்ப திரும்ப சொல்லிட்டு வந்தேன். கார் தரையோட உக்காந்திருந்தா ஓட்டவே கூடாது, லெவலுக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கணும், வரலனா பிளாட்பெட் லாரில ஏத்தி அனுப்பணும், கயிறு கட்டி இழுக்க கூடாது. டயர் மாத்தறப்ப ஜாக் மோட் இருக்கற கார்ல அதை முதல்ல போடணும், இல்லனா கார் தன்னையே லெவல் பண்றேன்னு காத்தை விட்டுரும். எந்த காரணத்துக்காகவும் ஜாக் ஸ்டாண்ட் வைக்காம அடியில கை தலை நீட்டக்கூடாது, காத்து மேல நிக்கற காரு எப்ப வேணா இறங்கும், இதுல உயிரே போயிரும். மடிப்புல மண்ணு சேராம வெறும் தண்ணியால கழுவுனா போதும், டீசல், கிரீஸ், பாலிஷ் எதுவும் ரப்பர்ல பட வேண்டாம். பேட்டரி வீக்கா இருந்தாலும் சிஸ்டம் வேலை செய்யாம லைட் போடும், அதனால சஸ்பென்ஷன்ல கை வைக்கறதுக்கு முன்னாடி பேட்டரி வோல்டேஜ் பாத்துக்கணும். ரொம்ப வாரம் சும்மா நின்ன காரு கொஞ்சம் இறங்கறது பிரச்சினை இல்ல, ஒரே ராத்திரில இறங்குனா அது லீக்.

மாமா இப்ப ஞாயித்துக்கிழமை காலைல டேப் வச்சு அளந்து எனக்கு போட்டோ அனுப்பறாரு. நாலு வாரமா முன்பக்கம் ரெண்டும் அசையல. பின் வலதுல மட்டும் போன தடவை அரை சென்டி கம்மியா காட்டுச்சு, கார் நின்ன இடம் சரிவா, இல்லனா நிஜமாவே இறங்குதானு தெரிய அதே இடத்துல காரை திருப்பி நிறுத்தி இன்னொரு தடவை அளக்க சொல்லிருக்கேன்.