கடைவாய்ப் புண்: மூன்று மருந்துக் கலவையா, பூஞ்சைக் களிம்பு மட்டுமா?

அம்மா கடைவாய் இரண்டு பக்கமும் வெடித்து நான்கு மாதம் அவதிப்பட்டார். காலையில் எழுந்தால் ஓரத்தில் மஞ்சளாகப் பொருக்கு கட்டியிருக்கும். முதல் கொட்டாவியிலேயே அது பிளந்து ரத்தம் கசியும். இட்லியைக் கூட விரல் நுனி அளவுக்குப் பிய்த்து, வாயைப் பாதி திறந்துதான் சாப்பிட்டார்.

அந்த நான்கு மாதத்தில் இரண்டு வழியையும் பார்த்துவிட்டோம். முதலில், மெடிக்கலில் கேட்டதும் எடுத்துக் கொடுத்த ட்யூப். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்தது. அப்புறம் தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்த வெறும் பூஞ்சை மருந்தான க்ளோட்ரிமசோல் களிம்பு. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. வேகத்தில் கலவைதான் முந்துகிறது. இரண்டே நாளில் சிவப்பு அடங்கி, எரிச்சலும் நின்றது.

ஆனால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பூசுவதை நிறுத்தினால் என்ன ஆகிறது? கலவையை நிறுத்திய நாலாம் நாளே வெடிப்பு திரும்பியது. மறுபடி பூசினோம், மறுபடி அடங்கியது, மறுபடி வந்தது. மூன்றாவது ட்யூப் வாங்கும்போது வாயைச் சுற்றிப் பொடிப்பொடியாகச் சிவந்த பருக்கள் வேறு. ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்குமே தவிர, புண்ணுக்கான காரணத்தைத் தொடாது. முகத்தில் வாரக்கணக்கில் பூசினால் தோலும் மெலியும். அந்த ட்யூப்களில் பலவற்றில் இருப்பது க்ளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு என்பதை நான் தாமதமாகத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

க்ளோட்ரிமசோல் மெதுவானது. முதல் நான்கு நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. தினம் இரண்டு வேளை மெல்லிசாகப் பூசி, இரவில் எச்சில் படாமலிருக்க மேலே வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லி. எட்டாம் நாள் பொருக்கு உதிர்ந்து, அடியில் இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்தது. இரண்டு வாரம் முடித்து நிறுத்தினோம். ஆறு மாதமாகிறது, திரும்பவில்லை.

இதில் பல்செட்டுக்கும் பங்கு உண்டு. பழைய செட் தேய்ந்தால் தாடைகள் அதிகமாக நெருங்கி, கடைவாய் மடிந்து, அங்கே எச்சில் தேங்கும். அந்த ஈரத்தில்தான் கேண்டிடா பூஞ்சை வளர்கிறது. அம்மா செட்டோடுதான் தூங்குவார். இப்போது இரவில் கழற்றி, தேய்த்துக் கழுவித் தண்ணீரில் போட்டுவிடுகிறார். ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து குறைவாக இருந்ததால் அதற்கும் மாத்திரை. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்கியதால், குணமானதில் களிம்பின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை முதல் மாதமே கொடுத்துப் பார்த்தோம், அது மட்டும் போதவில்லை. சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தேன் நிறப் பொருக்கு விடாமல் கட்டினால் பாக்டீரியாவும் சேர்ந்திருக்கலாம். அதற்கு மருத்துவர் முபிரோசின் போல ஏதாவது ஆன்டிபயாடிக் களிம்பு எழுதுவார்.

கடைவாயில் இல்லாமல் உதடு முழுக்க உரிந்து எரிந்தால் கதையே வேறு. எனக்கு அப்படி வந்தபோது பூஞ்சைக் களிம்பு எந்தப் பலனும் தரவில்லை. லவங்கப்பட்டை மணமுள்ள டூத்பேஸ்ட்டையும் மெந்தால் லிப் பாமையும் விட்டு, ஜெல்லி மட்டும் பூசினேன். மூன்று வாரத்தில் சரியானது. பேட்ச் டெஸ்ட் (தோலில் ஒட்டி ஒவ்வாமை பார்க்கும் சோதனை) செய்யாததால், அந்த இரண்டில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு இன்னும் தெரியாது.

வயலிலும் கடலிலும் வருஷக்கணக்கில் வெயில் பட்டவர்களின் கீழ் உதடு உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகி, உதட்டின் கோடே மங்கிப்போயிருந்தால், மேலே சொன்ன எதையும் பூசிப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். அது புற்றுநோயாக மாறக்கூடியது. தோல் மருத்துவர் பார்த்து, தேவைப்பட்டால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதித்த பிறகுதான், உறையவைத்து அகற்றுவதா, ஃப்ளூரோயுராசில் களிம்பா என்று முடிவு செய்வார்.