அட்கார் முறை: பல்கலைக்கழக அலுவலகத்தின் மாற்றச் சோர்வுக்கு உதவுமா?

மாற்றச் சோர்வு, அதாவது அடுத்தடுத்து வரும் மாற்றங்களால் ஊழியர்கள் களைத்துப்போவது, என்று சொன்னதும் பயிற்சியாளர்கள் பலர் கையில் எடுப்பது அட்கார் (ADKAR) என்ற மாற்ற மேலாண்மை முறை. புரோசை நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் ஹயட் வகுத்தது. விழிப்பு, விருப்பம், அறிவு, திறன், நிலைநிறுத்தல் என ஐந்து படிகள். ஒவ்வொரு படிக்கும் ஊழியர் ஒரு தாளில் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார். வரிசையில் எந்தப் படி முதலில் 3 அல்லது அதற்குக் கீழே வருகிறதோ, அதுதான் அடைப்பு. வேலையை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

ஒரே ஒரு மாற்றம் என்றால் இது நன்றாக வேலை செய்கிறது. தேர்வுப் பிரிவுக்குப் புதிய மதிப்பெண் பதிவு மென்பொருள் வருகிறது. பயிற்சி முடிந்தும் வேலை நகரவில்லை. அறிவு 4, திறன் 2 என்று வந்தால் இன்னொரு பயிற்சி வகுப்பு வீண். போன பருவத்தின் மதிப்பெண்களைப் போட்ட ஒரு சோதனைப் பதிப்பும், இரண்டு வாரம் பழகிப் பார்க்க நேரமும்தான் தேவை. விருப்பம் 2 என்றால் பயிற்சியே பிறகுதான்.

ஆனால் சோர்வு ஒரே மாற்றத்தால் வருவதில்லை. ஒரு பிரிவில் உள்ள அதே நான்கு பேர் மேல் மென்பொருள், தரமதிப்பீட்டுக் கோப்புகள், பாடத்திட்டத் திருத்தம், பிரிவுகள் இணைப்பு எல்லாம் ஒன்றாக விழுகின்றன. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி அட்கார் தாள். மொத்தச் சுமையைக் கூட்டிப் பார்க்க ஒரு தாளும் இல்லை. களைத்துப்போனவர் விருப்பத்துக்கு 2 போட்டால் அது எதிர்ப்பாகப் படிக்கப்படுகிறது. அதற்கு மருந்தாக இன்னும் இரண்டு கூட்டம்! இதுதான் இந்த முறையின் பெரிய ஓட்டை.

இன்னொன்று, தாளில் பெயர் இருந்து, அதைப் பிரிவுத் தலைவர் பார்ப்பார் என்றால் எல்லோரும் 4 போட்டுவிடுவார்கள். மூன்று நான்கு பேர் உள்ள பிரிவில் பெயரை எடுத்தாலும் யார் எழுதியது என்று தெரிந்துவிடும். அங்கே இரண்டு மூன்று பிரிவுகளின் தாள்களைச் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

ஓட்டையை அடைக்க ஒரு விரிதாள் போதும். வரிசைகளில் பிரிவுகள், பத்திகளில் பருவத்தின் வாரங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வாரம் மாற்றங்கள் தின்னும் மணிநேரம்: பயிற்சி, கூட்டம், மாணவர் கேள்விகளுக்குப் பதில், பழைய முறையிலும் புதிய முறையிலுமாக இரட்டைப் பதிவு. கடைசியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பழைய முறைக்கு மூடும் தேதி எழுத்தில் இல்லாவிட்டால் அது மாதக்கணக்கில் இழுக்கும். சேர்க்கை, தேர்வு, முடிவு வெளியீட்டு வாரங்களில் எந்த மாற்றமும் வராதபடி முதலிலேயே அடைத்துவிடுங்கள். ஒரே வாரத்தில் மூன்று மாற்றங்கள் மோதினால் ஒன்றைத் தள்ள வேண்டும். தள்ளும் அதிகாரம் உள்ளவர், பெரும்பாலும் பதிவாளர், விரிதாளைப் பார்த்து முடிவெடுக்கும் கூட்டத்தில் இல்லையென்றால் விரிதாள் வெறும் அலங்காரம்.

ஒற்றை மென்பொருள் மாற்றத்துக்கு அட்காரைத் தயங்காமல் வாங்கலாம். சோர்வு தீர்க்கும் அரைநாள் பயிலரங்கு என்று விற்க வந்தால், பணம் கட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: எல்லாத் திட்டங்களின் மணிநேரத்தையும் கூட்டிக் காட்டும் தாள் உங்களிடம் இருக்கிறதா?