பழைய முகவரியா, புதிய முகவரியா: வேறு மாநிலத்தில் குடியேறுவோர் எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகக் கர்நாடகத்துக்கோ மகாராஷ்டிரத்துக்கோ குடிபெயர்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு வழியைப் பிடித்துக்கொள்கிறார்கள். எப்படியும் ஒருநாள் ஊருக்குத்தானே திரும்பப் போகிறோம் என்று எல்லா ஆவணங்களையும் பழைய முகவரியிலேயே விட்டுவைப்பது ஒன்று. குடிபோன மாதமே அத்தனையையும் மாற்றிவிடத் துடிப்பது மற்றொன்று. ஒவ்வொரு ஆவணத்தையும் சட்டம் வெவ்வேறு இடத்தில் முடிச்சுப் போட்டிருப்பதால், இரண்டு வழிகளுமே எங்காவது நம்மைச் சிக்கவைக்கும் என்பதே பதினொரு ஆண்டுகள் பெங்களூரில் வாழ்ந்த என் கருத்து.

மிக அதிகமாகச் செலவு வைப்பது வாகனம்தான். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரு மாநிலத்தில் செய்த பதிவு நாடு முழுவதும் செல்லும். ஆனால் அதே சட்டத்தின் 47ஆவது பிரிவு, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வாகனத்துக்கு அந்த மாநிலத்தின் புதிய பதிவெண்ணைப் பெறவேண்டும் என்கிறது. ஓராண்டுக்குள் திரும்பிவிடுவது உறுதி என்றால் பழைய எண்ணை வைத்துக்கொள்வதே சரி. அதற்கு மேல் தங்குபவர் மறுபதிவைத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை. பின்னால் வந்து நிற்கும் சாலை வரிக் கோரிக்கைதான் கையைச் சுடும்.

மறுபதிவுக்கு, முதலில் சொந்த ஊர் ஆர்டிஓ அலுவலகத்தில் 28ஆம் எண் படிவத்தில் தடையில்லாச் சான்று வாங்கவேண்டும். வண்டிக்குக் கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் ஒப்புதலும் வேண்டும். பிறகு புதிய மாநிலத்தில் வண்டியின் வயதுக்கேற்ற வாழ்நாள் வரியைக் கட்டி, அந்த ரசீதையும் புதிய ஆர்சியையும் காட்டிப் பழைய மாநிலத்தில் மீத வரியைத் திரும்பக் கோரவேண்டும். படிவத்தில், வண்டியின் சட்டகத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து ஒட்டவேண்டும்; என் இருசக்கர வாகனத்தில் அந்த எண்ணின் மேல் படிந்திருந்த துருவைச் சுரண்டாமல் தேய்த்ததால், இரண்டு இலக்கங்கள் மங்கிப்போய், விண்ணப்பம் திரும்பி வந்தது. அதற்காக ஒருமுறை கூடுதலாக ஊருக்குப் போய்வர நேர்ந்தது. அச்சை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே நாலைந்து பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி, 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பிஎச் (பாரத்) வரிசைப் பதிவெண். இதில் மாநிலம் மாறினாலும் எண் மாறாது. வரியை மொத்தமாகக் கட்டாமல் இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டலாம். பாதுகாப்புப் படையினர், மத்திய மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனங்களின் ஊழியர்கள் ஆகியோருக்கு மட்டுமே இது கிடைக்கும். அடிக்கடி இடமாற்றம் ஆகிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஒரே ஊரில் நிலைத்துவிடப் போகிறவருக்கு, இரண்டாண்டுக்கு ஒருமுறை தவணையை நினைவில் வைத்துக்கொள்ளும் பாடு மட்டுமே மிஞ்சும் என்பதால், அவருக்கு வழக்கமான மறுபதிவையே சொல்வேன்.

ஓட்டுநர் உரிமம் அப்படியல்ல. அது நாடு முழுவதும் செல்லும். வேறு மாநிலத்தில் வண்டி ஓட்டுவதற்காக அதைப் புதிதாக எடுக்கத் தேவையில்லை.

குடும்ப அட்டை விஷயத்தில் அவசரப்பட்டு ஒப்படைப்பவர்களே அதிகம் இழக்கிறார்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை திட்டத்தில், ஊர் அட்டையைக் கொண்டே வேறு மாநிலக் கடையில் விரல்ரேகை வைத்து, நபருக்கு மாதம் 5 கிலோ தானியம் பெறலாம். அரசு 2023 ஜனவரி முதல் அதை விலையில்லாமல் வழங்குகிறது. குடும்பத்தில் ஒருவர் இங்கே தம் பங்கை வாங்க, மீதியை ஊரில் இருப்பவர்கள் வாங்கிக்கொள்ளவும் முடியும். ஆனால் தமிழ்நாட்டு அரசு தரும் 30 ரூபாய்த் துவரம் பருப்பும் 25 ரூபாய்ப் பாமாயிலும் மாநில எல்லையைத் தாண்டி வராது. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பிஎச்எச் (முன்னுரிமைக் குடும்பம்), அந்தியோதயா (மிக ஏழைக் குடும்பம்) அட்டைகளுக்கு மட்டுமே இந்த வசதி உண்டு. அட்டையில் என்பிஎச்எச் (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்று அச்சிட்டிருந்தால் வெளிமாநிலக் கடையில் எதுவும் கிடைக்காது. ஆகவே பெற்றோர் ஊரில் இருந்தால் அட்டையை அங்கேயே விட்டுவைப்பதும், குடும்பமே நிரந்தரமாகப் பெயர்ந்துவிட்டால் ஒப்படைத்துப் புதிய மாநிலத்தில் விண்ணப்பிப்பதும் பொருத்தம்.

வாக்காளர் பட்டியலில் இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருக்கலாமே என்ற எண்ணமே கூடாது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அதைத் தடுக்கிறது. வழக்கமாகக் குடியிருக்கும் இடமே அளவுகோல் என்றும், ஊரில் சொந்த வீடு இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே குடியிருப்பவராகிவிட மாட்டார் என்றும் அதன் 20ஆவது பிரிவு சொல்கிறது. தற்காலிகமாக வெளியே இருப்பதால் அந்தத் தகுதி போய்விடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஓரிரு ஆண்டு ஒப்பந்த வேலைக்குப் போனவர் ஊர் வாக்கை வைத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. பிள்ளைகளைப் புதிய ஊர்ப் பள்ளியில் சேர்த்து, அந்த ஊர்த் தண்ணீரையும் சாலையையும் நம்பி வாழ்கிறவர் 8ஆம் எண் படிவத்தைக் கொடுத்து வாக்கை மாற்றிக்கொள்ளவேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

வாடகை ஒப்பந்தத்தைப் பதினொரு மாதத்துக்கு எழுதுவதன் காரணம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யவேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதுதான். தனியாக வந்தவருக்கு அது போதும். பள்ளி செல்லும் பிள்ளைகளோடு வந்தவர் செலவைப் பார்க்காமல் நீண்ட கால ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொண்டால், கல்வியாண்டின் நடுவில் வீடு மாறும் அச்சம் குறையும். தமிழ்நாட்டுக்குக் குடிவருபவர்களுக்கு இந்தப் பதினொரு மாதக் கணக்கு பயன்படாது. அங்கே 2019 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள வாடகைச் சட்டத்தின்படி, கால அளவு எதுவானாலும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாகவேண்டும்.

எந்த நிலையிலும் மாற்றமுடியாதது சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதிகளையும் பழங்குடிகளையும் அரசமைப்பின் 341, 342ஆம் பிரிவுகள் மாநிலம் மாநிலமாகக் குறிப்பிடுகின்றன. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே மாநில அரசு வேலையிலும் கல்வியிலும் அந்த இடஒதுக்கீட்டைக் கோரமுடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் மீண்டும் உறுதிசெய்தது. இதை அறியாமல், பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு அலுவலகம் அலுவலகமாக அலைந்த பெற்றோரை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் அன்றிருந்த மௌனம் இன்னும் மனதை அழுத்துகிறது. பிள்ளைகளின் சான்றிதழைச் சொந்த வட்டாட்சியர் அலுவலகம் வழியாக, ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே பெற்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எந்த ஆவணத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.