பயணத்துக்கு எந்த டயப்பர்: ஒட்டும் வகையா, பேன்ட் வகையா?

உடம்புக்கு முடியாத அப்பாவையோ அம்மாவையோ வெளியூர் கூட்டிப்போகும்போது வரும் குழப்பம் இது. ஒட்டும் வகை என்பது இடுப்பின் இரு பக்கமும் பட்டையால் ஒட்டுவது; பேன்ட் வகை என்பது உள்ளாடை போலக் காலை நுழைத்து மாட்டுவது.

மாற்றுவது
ஒட்டும் வகை: படுத்தபடியே ஒருக்களித்துத் திருப்பி மாற்றலாம். உடுப்பை முழங்கால்வரை இறக்கினால் போதும்.
பேன்ட் வகை: செருப்பு, உடுப்பு எல்லாம் கழற்றியாக வேண்டும். பிடித்துக்கொண்டு நிற்கத் தெம்பும் வேண்டும்.

மலம் போய்விட்டால்
பேன்ட் வகையைக் கீழே இழுக்காதீர்கள்; கால் முழுக்க அப்பிவிடும். இரு பக்கத் தையலையும் கிழித்து, முன்னிருந்து பின்னாகச் சுருட்டி எடுங்கள். ஒட்டும் வகையில் பட்டையைப் பிரித்தால் போதும்.

கசிவு
ஒட்டும் வகை பொதுவாக அதிகம் தாங்கும். ஆனால் தொடையோரச் சுருக்கம் உள்ளே மடிந்திருந்தால் எதுவானாலும் ஒழுகும். விரலால் வெளியே இழுத்துவிடுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போடுவது வீண்: உள் டயப்பரின் அடியிலுள்ள பிளாஸ்டிக் ஈரத்தை வெளி டயப்பருக்கு விடாது, நிரம்பியதும் பக்கவாட்டில் வழியும். அடியில் பிளாஸ்டிக் இல்லாத, ஈரம் உறிஞ்சும் கூடுதல் பேட் ஒன்றை உள்ளே வையுங்கள்.

விலை
பேன்ட் வகை பெரும்பாலும் சற்றுக் கூடுதல்.

தானே எழுந்து கழிப்பறை போகிறவருக்குப் பேன்ட் வகை. உள்ளாடை போல இருப்பதால் கூச்சமும் குறைவு. தூக்கி உட்காரவைக்க வேண்டியவருக்கு ஒட்டும் வகைதான். பகலில் நடமாடுகிறவருக்கும் இரவு ரயிலில் ஒட்டும் வகையே மேல்.