வாட்ஸ்அப்பில் விற்கும் 'எக்ஸ்சேஞ்ச் ஐடி' வாங்காதீர்கள்

ஐபிஎல் தொடங்கினால் போதும், "எக்ஸ்சேஞ்ச் ஐடி வேணுமா? 24 மணி நேரமும் வித்டிராயல்" என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் மெசேஜ் குவியும். ஐடி என்பது கிரிக்கெட் பந்தயம் கட்டும் தளத்துக்குள் நுழைய ஏஜென்ட் விற்கும் கணக்கு. அதில் பணம் போட்டவர்கள் சொல்லும் புகார்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. புக்கியிடம், அதாவது தானே ரேட் வைத்துப் பந்தயம் வாங்குபவரிடம், கட்டுவதைவிட எக்ஸ்சேஞ்ச் நேர்மையானது என்று நம்பித்தான் பலரும் போகிறார்கள். அவர்கள் கைக்கு வருவது எக்ஸ்சேஞ்சே இல்லை.

2000இல் பிரிட்டனில் தொடங்கிய பெட்ஃபேர்தான் இந்த முறையைப் பரவலாக்கியது. அங்கே ஓர் அணி ஜெயிக்கும் என்று ஒருவர் கட்டுவது 'பேக்'. ஜெயிக்காது என்று இன்னொருவர் எதிர்த்துக் கட்டுவது 'லே'. இருவர் பணமும் பொருந்தினால்தான் பெட். ஜெயித்தவரின் லாபத்தில் நிறுவனம் கமிஷன் எடுத்துக்கொள்ளும், யார் ஜெயித்தாலும் அதற்கு ஒன்றுதான். புக்கி கணக்கு வேறு. சமபலமான இரண்டு அணிக்கும் அவர் 1.90 ரேட் கொடுப்பார், அதாவது ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் போட்ட ரூபாயும் சேர்த்து 1.90 கைக்கு வரும். ஒவ்வொன்றும் 52.6 சதவீத வாய்ப்புக்குச் சமம். இரண்டையும் கூட்டினால் 105க்கு மேல் வரும். 100ஐத் தாண்டிய அந்த ஐந்து சொச்சம்தான் அவர் பங்கு. நீங்கள் ஜெயித்தால் பணம் அவர் கையிலிருந்து போக வேண்டும்.

ஏஜென்ட் தரும் தளத்திலும் பெட்ஃபேர் திரை போலவே பேக்குக்கு நீலக் கட்டம், லேக்கு இளஞ்சிவப்புக் கட்டம். ஆனால் எதிர்ப்பக்கம் வேறு ஆள் கிடையாது, ஏஜென்டும் அவருக்கு மேலே இருப்பவர்களும்தான். கண்டுபிடிக்க வழி உண்டு: உண்மையான எக்ஸ்சேஞ்சில் 1.85 ஓடும்போது நீங்கள் 1.95 கேட்கலாம். ஆள் கிடைக்கும்வரை உங்கள் தொகை வரிசையில் காத்திருக்கும், திரையிலும் தெரியும். இங்கே அவர்கள் காட்டும் ரேட்டில் மட்டும்தான் விழும்.

'செஷன்', அதாவது இத்தனை ஓவரில் எத்தனை ரன் வரும் என்று கட்டும் பெட், இன்னும் மோசம். ஆறு ஓவர் ரன்னுக்கு 'நோ 47, யெஸ் 49' என்று போடுவார்கள். நோ ஜெயிக்க 46 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். யெஸ் ஜெயிக்க 49 அல்லது அதற்கு மேல். ஸ்கோர் 47, 48 என்று நின்றால் இரண்டு பக்கமும் காலி, மொத்தமும் அவர்களுக்கு. லேயிலும் கவனம் வேண்டும்: 4.00 ரேட்டில் 1,000 ரூபாய்க்கு லே போட்டுத் தோற்றால் போவது 3,000. இதை ஏஜென்ட் முன்கூட்டிச் சொல்வதில்லை.

சின்னத் தொகையை முதலில் உடனே திருப்பித் தருவார்கள். பெரிய தொகை ஜெயித்ததும் 'தவறான ரேட்' என்று ஜெயித்த பெட்டை மட்டும் அழிப்பார்கள், அல்லது 30 சதவீத வரியை முதலில் கட்டச் சொல்வார்கள். அது பச்சைப் பொய். வரிப் பிடித்தம் என்பது தரும் தொகையிலிருந்து கழிப்பது, யாரும் உங்களிடம் முன்பணமாக வாங்குவதில்லை.

இன்னோர் ஆபத்து பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் பெயரில் யுபிஐ எண் தருவார்கள். அவை பெரும்பாலும் வாடகைக் கணக்குகள், காசு கொடுத்து வாங்கிப் பயன்படுத்தும் பிறருடைய வங்கிக் கணக்குகள். அதிலிருந்து உங்களுக்கு வந்த பணம் வேறொருவரிடம் மோசடி செய்ததாக இருந்தால், உங்கள் வங்கிக் கணக்கும் முடக்கப்படலாம். சம்பளக் கணக்கு என்றால் மாத வாடகைகூடக் கட்ட முடியாது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. பணம் போய்விட்டதா? மேற்கொண்டு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். சாட்டை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஒவ்வொரு பரிமாற்றத்தின் யுடிஆர் எண்ணையும் (வங்கி தரும் பரிமாற்றக் குறிப்பு எண்) குறித்துக்கொண்டு உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.