கான்கிரீட் மிக்சர் வண்டியைச் செயலி வழியாக சர்வீசுக்கு விடும் முன் இதைப் படித்துவிடுங்கள் (எனக்குப் போனது ₹2,85,000)

சொந்தமாக செல்ஃப் லோடிங் மிக்சர் ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். கனரக வண்டிகளுக்கு வாசலுக்கே மெக்கானிக்கை அனுப்புவதாக விளம்பரம் செய்யும் ஒரு செயலி இருக்கிறது. அது சேர்த்துவிட்ட பட்டறையில் என் வண்டியின் டிரம்மைச் சுற்றும் ஹைட்ராலிக் மோட்டாரையும் (ஆயில் அழுத்தத்தில் ஓடுவது) அதற்கு ஆயில் தள்ளும் பம்பையும் ரீகண்டிஷன் செய்ய, அதாவது பிரித்துச் சரிசெய்து புதுப்பிக்க, கொடுத்தேன். இரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாய். டிரம் இப்போது முன்னைவிட மோசம். புகார் கொடுத்திருக்கிறேன், அதனால் பெயரை இங்கே போடவில்லை. வண்டியைக் கொடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

என்னுடையது இரண்டு கன மீட்டர் வண்டி. ஜல்லியையும் எம்-சாண்டையும் தன் வாளியாலேயே அள்ளி டிரம்மில் போட்டுக்கொள்ளும். ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமங்களில் பெரிய ரெடிமிக்ஸ் லாரி திரும்பக்கூட முடியாத தெருக்கள்தான் அதிகம். கலைஞரின் கனவு இல்லம் வீட்டுக்கு 300 சதுர அடி கான்கிரீட் கூரை. நாலு அங்குலக் கனம் என்றால் மூன்று கன மீட்டர்கூட வராது. அதற்காக எந்த பிளாண்டுக்காரர் லாரி அனுப்புவார்? நானே ஓட்டி, நானே கலந்து, இரண்டு நடையில் முடித்துக் கொடுத்துவிடுவேன். வீட்டில் அடுப்பு எரிவது இந்த டிரம் சுற்றுவதால்தான்.

இந்தக் கோடையில் டிரம் மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலையில் நன்றாகச் சுற்றும், வெயில் ஏறி ஆயில் சூடானதும் தளர்ந்துவிடும். செயலியில் பதிவு செய்தேன், மறுநாளே ஆள் வந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். வந்தவுடன் டிரம்மைத் தொடவில்லை. "அண்ணா, ஆயில் எப்ப மாத்துனீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். ரிட்டர்ன் ஃபில்டரை (ஆயில் திரும்பி வரும் வழியில் இருக்கும் வடிகட்டி) கழற்றி, பிளேடால் அறுத்து, உள்ளே இருந்ததை வெள்ளைத் துணியில் துடைத்து வெயிலில் காட்டினார். பொன் நிறத்தில் மினுமினுவென்று தூள். "காந்தத்துல ஒட்டுனா கியர்பாக்ஸ் பக்கம் பாக்கணும். இது ஒட்டல பாருங்க, வெண்கலத் தூள். மோட்டாருக்குள்ள தேயுது. ஆயில் சூடாகி இளகுனதும் உள்ளுக்குள்ளயே ஒழுகிடுது, டிரம்முக்குப் பலம் வரல" என்றார். அத்தனையும் உண்மை. அதுதான் இப்போதும் வயிற்றெரிச்சல். பொய் சொல்லி ஏமாற்றியிருந்தால் அன்றைக்கே முகத்தில் தெரிந்திருக்கும். டிரம் ரோலருக்கு கிரீஸ் குறைவாக இருக்கிறது என்று தானே அடித்துவிட்டார், அதற்குக் காசு வாங்கவில்லை. அம்மா மோர் கொடுத்தார்கள், குடித்தார். "புது மோட்டார் வாங்கிராதீங்கண்ணா, வீண் செலவு. ரீகண்டிஷன் பண்ணுனாப் போதும், ஆறு மாசம் வாரண்டி" என்றார். செலவு செய்யாதே என்று சொல்கிற மெக்கானிக்கை யார்தான் நம்பமாட்டார்கள்?

எஸ்டிமேட் ₹2,85,000. பாதி செயலியில், மீதி பட்டறைக் கணக்கில் என்று அதிலேயே அச்சடித்திருந்தது. அப்படியே கட்டினேன்.

வண்டி திரும்பி வந்தது. மோட்டார், பம்பு, ஹோஸ் மூட்டு எல்லாம் பளபளவென்று புது பெயிண்ட். வெறும் டிரம்மைச் சுற்றிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

முதல் வேலை ஒரு கூரை. முதல் நடை எப்படியோ கொட்டியாயிற்று. இரண்டாவது நடையில், உள்ளே பத்து மூட்டை சிமெண்டுக் கலவை இருக்கும்போது டிரம் நின்றுவிட்டது. உச்சி வெயில். மேலே சென்ட்ரிங் மேல் ஆட்கள் காத்து நிற்கிறார்கள், மேஸ்திரி கத்துகிறார். மளிகைக் கடைக்கு ஆளை ஓட விட்டு ஐந்து கிலோ சர்க்கரை வாங்கித் தண்ணீரில் கரைத்து டிரம்மில் ஊற்றினேன். சிமெண்டு எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு சர்க்கரை சேர்ந்தால் கலவை இறுகாது. ஆயில் ஆறியதும் டிரம் கொஞ்சம் அசைந்தது, மெல்ல மெல்ல எதிர்ப்பக்கம் சுற்றி எல்லாவற்றையும் புறம்போக்கில் கொட்டினேன். சர்க்கரை போட்ட கலவையைக் கூரைக்குப் போட முடியுமா? மேஸ்திரி குறுக்கே பலகை வைத்துப் பாதியில் நிறுத்தினார். மீதியை, ஒரு தடவைக்கு ஒரு மூட்டை சிமெண்டு மட்டும் கலக்கும் சின்ன மிக்சரை வாடகைக்கு எடுத்து முடித்தார்கள். அந்தச் செலவும் என் தலையில்தான், அதை இந்த 2,85,000-இல் சேர்க்கவில்லை.

பிறகு ஊர் மெக்கானிக் ஒருவர் மோட்டாரின் டிரெயின் ஹோஸை (உள்ளே கசியும் ஆயில் வெளியேறும் குழாய்) கழற்றி வாளியில் விட்டுப் பார்த்தார். ஆயில் சூடானதும் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டியது. நல்ல மோட்டாரில் இப்படி வராது. அப்புறம் பெயிண்டைச் சுரண்டினார். மோட்டாரின் நம்பர் பிளேட்டையே (வரிசை எண் பொறித்த தகடு) காணோம், ரிவெட் அடித்த ஓட்டை மட்டும் இருந்தது. முன்பு சீல் கிட் வாங்குவதற்காக என் மோட்டாரைப் படம் எடுத்து வைத்திருந்தேன். ஒப்பிட்டால் ஹோஸ் மாட்டும் இடத்தின் அமைப்பே வேறு. என் மோட்டாரைக் கழற்றி வைத்துக்கொண்டு யாருடையதோ தேய்ந்துபோன மோட்டாருக்கு பெயிண்ட் அடித்து மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்!

வீட்டுக்கு வந்த அந்த மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். "காத்து புடிச்சிருக்கும்ணா, ஓட ஓட சரியாயிடும்." மறுபடி செய்தேன். "நீங்க லோக்கல் ஆயில் ஊத்தியிருப்பீங்க." அந்த ஆயிலை ஊற்றியதே அவர்கள்தான், எஸ்டிமேட்டில் அதற்குத் தனித் தொகை இருக்கிறது. அடுத்து, "வாரண்டி பம்புக்கு மட்டும்தான் சார், மோட்டாருக்கு இல்ல." நம்பர் பிளேட் எங்கே என்று கேட்ட பிறகு அந்தப் பையன் போனை எடுப்பதே இல்லை.

செயலிக்காரர்கள் இதற்கு மேல். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று குறுஞ்செய்தி வருகிறது. திரும்பத் திரும்ப அழைத்ததில் ஒரு பெண் பேசினார். அவர்கள் இணைத்துவிடுகிறவர்கள் மட்டும்தானாம், பட்டறைக் கணக்கில் போன பாதிக்கு அவர்கள் பொறுப்பில்லையாம். சரி, உங்கள் கணக்கில் வந்த பாதி? "அது பட்டறைக்குப் போயிடுச்சு சார்." ஆக இரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரமும் யாரிடமும் இல்லை! இது வணிக வண்டி, நுகர்வோர் நீதிமன்றம் போனாலும் செல்லாது என்று வேறு மிரட்டல். அதை நம்பாதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்துவிட்டேன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதுவதாகச் சொன்னேன், இப்போது பொறுமையாக எழுதும் மனநிலை இல்லை. சுருக்கமாக: மோட்டார், பம்பு, கியர்பாக்ஸ் நம்பர் பிளேட்டுகளைப் படம் எடுங்கள், அவற்றின் உடம்பில் ரகசியமாக ஒரு பஞ்ச் அடையாளமும் அடித்துவிடுங்கள். கழற்றிய பழைய உதிரிகளைக் கேட்டு வாங்குங்கள். வெறும் டிரம்மைச் சுற்றிக் காட்டினால் தலையாட்டாதீர்கள், லோடு ஏற்றி ஆயில் சூடாகும்வரை சுற்றச் சொல்லுங்கள். முழுப் பணமும் ஒரே கணக்கு, ஒரே ஜி.எஸ்.டி. பில். வாரண்டி எந்த உதிரிக்கு என்று பில்லிலேயே எழுத வேண்டும். புது பெயிண்ட் இருந்தால் சுரண்டிப் பாருங்கள்.

டிரம்முக்குள் பிளேடுகளில் ஒட்டிக் கிடக்கும் கான்கிரீட்டை உடைக்க ஆள் வந்துவிட்டார். அவர் டிரம்முக்குள் இருக்கும்வரை பேட்டரி கழன்றிருக்க வேண்டும், சாவி என் சட்டைப்பையில் இருக்க வேண்டும். நான் பக்கத்தில் நிற்கப் போகிறேன். புகார் எண்ணுக்குப் பதில் ஏதாவது வந்தால் இதன் கீழேயே போடுகிறேன்.